எச்சரித்தும் கலைந்து செல்லவில்லை

"சரி, இந்த மாசம் நான் என்ன செஞ்சிருக்கேன்?"

"செவ்வாக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்குச் சந்தைக்கடை முக்குல நின்னு சத்தம் போட்டிருக்கீரு."

"யாரைப் பாத்து?"

"அதெல்லாம் சட்டம் கேக்காது. போறவன் வாரவன் எல்லாரையும் பாத்துத்தான்."

"ஒரு காரணம் வேண்டாமா ஏட்டம்மா? சும்மா நின்னு கத்துனேன்னா கிறுக்கன்னுல்லா நெனைப்பாங்க."

"கையையும் ஆட்டியிருக்கீரு."

"ரெண்டு கையுமா?"

"எழுதியாச்சு. கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்பும். பிள்ளையள்லாம் பள்ளிக்கூட வாசல்ல நிக்கும்."

ஞானப்பழம் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். வெளியே அவனுடைய ஆட்டோ நின்றது. பின்பக்கம் ஏழு சாப்பாட்டுக் கூடைகள் மாட்டுவதற்கு ஏழு கொக்கிகள். காலையும் மாலையும் ஏழு குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்குவதுதான் அவன் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பான். அவன் எந்த முக்கிலும் நின்று எவரையும் பார்த்துச் சத்தம் போட்டதில்லை. அது நெடுங்கரையில் எல்லோருக்கும் தெரியும். சந்தனமாரிக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். நெடுங்கரைக் காவல் நிலையத்தின் ரைட்டர் அவள்தான். தலைமைக் காவலர். வழக்குகளை எழுதுவதும் பதிவேடுகளைக் காப்பதும் அவள் வேலை.

காவல் நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஆட்கள் முப்பத்தெட்டுப் பேர். இருந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பதில் இருவர் எப்போதும் கோர்ட்டில் இருப்பார்கள், ஒருவர் சம்மன் கொடுக்கப் போயிருப்பார், ஏதாவதொரு ஊரில் ஏதாவதொரு பந்தோபஸ்து இருவரை விழுங்கியிருக்கும். மீதியிருப்பவர்கள் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள். ஆனால் மேலிடம் மாதம் நாற்பது பெட்டி கேஸ் கேட்டது. தெருவில் சத்தம் போட்டான், வழியை மறித்தான் என்பது போன்ற சின்ன வழக்குகள். குற்றம் நடந்ததோ இல்லையோ, மாதக் கடைசியில் நாற்பது இருக்க வேண்டும். அதற்கென்று எல்லா ஊரிலும் சிலர் இருப்பார்கள். கூப்பிட்டால் வருவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், கோர்ட்டிலும் ஒப்புக்கொள்வார்கள். அபராதத்தை நிலையத்திலிருந்தே கட்டிவிடுவார்கள்.

ஞானப்பழம் இதில் சேர்ந்த விதம் வேறு. பதினோரு வருடத்துக்கு முன்னால், தேவாலயத்து அசனப் பந்தி என்ற பொது விருந்தின்போது, ஐயாயிரம் பேர் கூடியிருந்த கூட்டத்தில் அவனுடைய நான்கு வயது மகள் பெனிட்டா காணாமல் போனாள். மூன்று மணி நேரம் தேடி, சோற்றுப் பாத்திரங்கள் கழுவும் இடத்தில் ஓர் அண்டாவுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவளைக் கண்டுபிடித்து இடுப்பில் தூக்கி வந்தவள் சந்தனமாரி. அவன் அழுதுகொண்டே, "என்ன வேணும்னாலும் கேளுங்க ஏட்டம்மா" என்றான். அன்று மாதத்தின் முப்பதாம் தேதி. கணக்கில் இரண்டு குறைந்தது. ஒரு கேஸுக்கு உம்ம பேரத் தாரீரா என்று அவள் வேடிக்கையாகத்தான் கேட்டாள். அவன் உடனே சரி என்றான்.

முதல் இரண்டு வருடம் அவனை ஒரே முக்கில், ஒரே நேரத்தில் சத்தம் போட வைத்தாள். ஆய்வுக்கு வந்த டி.எஸ்.பி. பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "இந்த ஆள் எந்நேரமும் ஒரே இடத்துலயே கத்துறானே, வேற வேலை இல்லையா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவள் மாற்றி மாற்றி எழுத ஆரம்பித்தாள். செவ்வாய்க்கிழமைகளில் சந்தைக்கடை முக்கு. பதினான்காம் தேதி வாக்கில் பேருந்து நிலையத்தின் பின்பக்கம். சனிக்கிழமை காலை ரேஷன் கடை வரிசை. குடித்திருந்ததாக மட்டும் எழுத மாட்டாள். அவன் மனைவி வருத்தப்படுவாள் என்று ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தான். நாள் முழுக்க அடுத்தவர் சொல்லச் சொல்ல எழுதுகிறவளுக்கு அந்த நான்கு வரியில்தான் கொஞ்சம் சுதந்திரம் இருந்தது. ஒரு மழைநாளில் அவனைக் குடையோடு நிறுத்தினாள். ஒரு தேர்தல் சமயத்தில் அவன் கொடிக்கம்பத்தில் சாய்ந்திருந்தான். வருடம் போகப்போக, நிஜமான ஞானப்பழத்துக்குப் பக்கத்தில், கோபமும் தனிமையும் கொண்ட இன்னொரு ஞானப்பழம் பதிவேடுகளுக்குள் நடமாடத் தொடங்கியிருந்தான்.

அன்று எழுதியது நூற்றுப் பதினேழாவது.

*

அடுத்த மாதம் கொக்கு வந்தது.

ஆள் பற்றாக்குறையுள்ள நிலையங்களுக்கான நடமாடும் கண்காணிப்பு ஊர்தி என்று அதன் பக்கவாட்டில் எழுதியிருந்தது. ஊர்க்காரர்கள் ஒரே நாளில் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பார்ப்பதற்கு ஐஸ்கிரீம் வண்டி அளவுக்கு இருந்தது. மேலே சூரியத் தகடு. நடுவிலிருந்து இருபதடி உயரத்துக்கு மெல்லிய வெள்ளைக் கம்பம் எழும்பும், அதன் உச்சியில் சின்னத் தலை ஒன்று மெதுவாகத் திரும்பும். ஓட்டுவதற்கு ஆள் கிடையாது. சைக்கிள் வேகத்தில் தானே போகும், தனக்குத் தோன்றிய இடத்தில் நிற்கும், ஒற்றைக் காலில் பொறுமையாகக் காத்திருக்கும்.

அதைக் கொண்டு வந்த பொறியாளர் பர்வீன் சென்னையிலிருந்து வந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இதுவரை இருபத்திரண்டு ஊர்களில் கொக்குகளை இறக்கிவிட்டு வந்த களைப்பு முகத்தில் இருந்தது.

"எங்க நிக்கணும்னு அதுக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்டாள் சந்தனமாரி.

"நீங்கதான் மேடம்."

"நானா?"

"உங்க பதிவேடு எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிக் குடுத்திருக்கோம். பதினஞ்சு வருஷம். எந்த இடத்துல, எந்த நேரத்துல, யாரு, என்ன பண்ணாங்கன்னு அது படிச்சு வச்சிருக்கு. ஒன்பது பேர் எல்லா இடத்துலயும் நிக்க முடியாதில்ல? எங்க நிக்கணுமோ அங்க இது நிக்கும்."

"எல்லாத்தையும் படிச்சுட்டா?"

"ஒரு எழுத்து விடாம." பர்வீன் தேநீரை ஊதிக் குடித்தாள். "உண்மையச் சொன்னா, இருபத்திரண்டு ஸ்டேஷன்ல உங்களுதுதான் நல்ல பதிவேடு. மத்த இடத்துல ஒரே வரியக் காப்பி அடிச்சு வச்சிருப்பாங்க. நீங்க அவ்வளவு விவரமா எழுதியிருக்கீங்க."

பல வருடங்களில் முதல்முறையாக யாரோ அவள் எழுத்தைப் பாராட்டினார்கள். சந்தனமாரிக்கு அன்று முழுவதும் ஒரு மாதிரி லேசாக இருந்தது.

கொக்கு நன்றாகத்தான் வேலை செய்தது. இரண்டே வாரத்தில் பைக் திருடர்கள் இருவரைக் காட்டிக் கொடுத்தது. குளத்தங்கரையில் மயங்கிக் கிடந்த முதியவரை முதலில் பார்த்தது அதுதான். இன்ஸ்பெக்டர் தவமணி எட்டு மாதத்தில் முதல்முறையாக விடுப்பு எடுத்து மகனின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போய்விட்டு வந்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் தூங்கி எழுந்த ஒரு மனிதனின் வீக்கம் இருந்தது. எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

*

ஒரு செவ்வாய்க்கிழமை சந்தனமாரி கத்தரிக்காய் வாங்கப் போயிருந்தாள். கொக்கு தெரு ஓரமாக ஊர்ந்து வந்து சந்தைக்கடை முக்கில் நின்றது. கம்பம் எழும்பியது. அங்கே ஒன்றுமில்லை. பூக்காரி ஒருத்தி, ஒரு நாய், சாத்திக் கிடந்த உரக்கடை. கொக்கின் தலை ஒவ்வொருவர் முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. யாரையோ தேடுவதுபோல் இருந்தது. பிறகு அசையாமல் நின்றது.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தரை.

கத்தரிக்காய்க்காரர் மீதிச் சில்லறையை நீட்டியபடியே, "ஏட்டம்மா? ஏட்டம்மா?" என்று இரண்டு முறை கூப்பிட்டார். அவளுக்குக் கேட்கவில்லை. தான் எழுதிய ஒரு வாக்கியம் தெருவில் வந்து நிற்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினான்காம் தேதி அது பேருந்து நிலையத்தின் பின்பக்கம் போனது. சனிக்கிழமை ரேஷன் கடை வரிசையின் ஓரத்தில் இரண்டு மணி நேரம் நின்றது. எந்த இடத்திலும் அவன் வரவில்லை. எப்படி வருவான்? அவள் எழுதிய இடங்களில் ஒன்றுக்குக்கூட அந்த நேரத்தில் அவன் போனதில்லை. நான்காவது வாரம் கொக்கு இடத்தை மாற்றியது. மாலை நான்கு மணிக்குப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, ஞானப்பழத்தின் ஆட்டோவுக்கு எதிரே நின்றது. குழந்தைகள் குதித்துக் கையாட்டினார்கள். ஒரு சிறுமி அதற்கு முறுக்கை நீட்டினாள். மறுநாளும் வந்தது. ஆட்டோ கிளம்பியதும் பின்னாலேயே கிளம்பி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவன் குழந்தைகளை இறக்கிவிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மாதாந்திரப் பராமரிப்புக்கு வந்த பர்வீனிடம் சந்தனமாரி கேட்டாள். நேரே கேட்க வாய் வரவில்லை. "அந்த ஸ்கூல் ஆட்டோக்காரர் பின்னாடி எதுக்கு அது சுத்துது?"

பர்வீன் கைக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். ஊரின் வரைபடம். அதில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். சந்தைக்கடை, பேருந்து நிலையம், ரேஷன் கடை. "இவருதான் இந்த ஊர்ல முதல் இடம் மேடம். நூத்திப் பதினேழு. திருடன், அடிதடின்னு எடுத்தாக்கூட யாருக்கும் பன்னெண்டுக்கு மேல இல்ல."

"அதெல்லாம் பெட்டி கேஸ்மா. சத்தம் போட்டதுக்கு."

"அதுக்குப் பெரிசு சிறுசு தெரியாது. பழக்கம்தான் தெரியும். பதினோரு வருஷமா ஒரு ஆள் மாசா மாசம் ஒரு இடத்துக்கு வந்து கோவப்படுறாரு. கொக்கு வந்ததிலருந்து ஒரு தடவகூட வரல. அப்ப அது என்ன நினைக்கும்?"

"திருந்திட்டாருன்னு நெனைக்கட்டுமே."

"அப்படி நினைக்கச் சொல்லிக் குடுக்கல." பர்வீன் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "பழக்கத்தைத் திடீர்னு மாத்துறவங்களத்தான் ஜாஸ்தி கவனிக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்கோம். எங்க போனாரு, என்ன திட்டம் போடுறாருன்னு தேடும். குழந்தைங்க பக்கத்துல இருக்காருன்னா இன்னும் நெருக்கமாப் பாக்கும்."

"அதுல தப்பு இருந்தா?" என்றாள் சந்தனமாரி. "எழுதுனதுல?"

பர்வீன் அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ புரிந்தது போலவும், புரிந்துகொள்ள விரும்பாதது போலவும் இருந்தது அந்தப் பார்வை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிழைத் திருத்தப் படிவம். எந்தப் பதிவு, என்ன பிழை, பிழை செய்தவர் பெயர், காரணம், கையெழுத்து.

"இதுல போட்டு அனுப்புனா ஒரே நாள்ல மாறிடும் மேடம். ஆனா இது எனக்கு மட்டும் வராது. உங்க தலைமை அலுவலகத்துக்கும் போகும்."

*

இன்ஸ்பெக்டர் தவமணி படிவத்தைப் படித்துவிட்டு, மடித்து, அவள் கையிலேயே கொடுத்தார்.

"உங்களுக்கு எத்தனை மாசம் இருக்கு ரைட்டரம்மா?"

"பதினாலு சார்."

"பதினாலு மாசத்துல ரிட்டயர்டு. பென்ஷனோட. இத அனுப்புனா பதினாலு நாள்ல டிஸ்மிஸ். பொய் வழக்குப் போட்டதுக்கு உங்கமேலயே ஒரு வழக்கு. அதோட நிக்குமா? கோர்ட்டுல வந்து 'ஆமா நாந்தான் சத்தம் போட்டேன்'னு சொன்னானே, அவன்மேல? அவன் ஒருத்தன்தானா? மாசம் நாப்பது. ஒண்ணப் பிரிச்சா எல்லாத்தையும் பிரிப்பாங்க. இங்க வேலை பாத்த அத்தனை பேரும், செத்துப்போன ராமய்யா ஏட்டு உட்பட."

"அந்த ஆளு பாவம் சார்."

"பாவம்தான்." அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "இந்தக் கொக்க எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னா நாளைக்கு எனக்கு ஆள் யாரு? ஒன்பது பேரு. அறுபதாயிரம் சனம். நான் ஒண்ணும் கெட்டவன் இல்லம்மா. தூக்கம் வராதவன்."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகப் பாரமாக இருந்தது. படிவத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

ஞானப்பழத்தைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. படிவத்தைப் பற்றி, பென்ஷனைப் பற்றி, அவன்மேலேயே வழக்கு வரலாம் என்பதைப் பற்றி. அவன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகத்தில் வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

"அப்போ அது என்னைத் தேடிக்கிட்டு அந்த முக்குல எல்லாம் நின்னிருக்கு?"

"ஆமா."

"நான் வருவேன்னு?"

"ஆமா."

"பாவம், என்ன ஏட்டம்மா." அவன் சிரித்தே விட்டான். "அப்ப நான் ஒண்ணு செய்யுதேன். போய் நின்னுட்டாப் போச்சு. செவ்வாக்கிழமை பிள்ளையள இறக்கிட்டு அஞ்சரைக்கு அங்க ஒரு கால்மணி நேரம். வந்துட்டான்யான்னு அதுக்கு நிம்மதியா இருக்கும். பள்ளிக்கூடப் பக்கம் வராதுல்லா?"

அவள் யோசித்தாள். பர்வீன் சொன்னதை வைத்துப் பார்த்தால் அது சரியாகத்தான் பட்டது. பழக்கம் மாறாதவனைக் கொக்கு தேடிப் போகாது. ஆபத்தில்லாத ஒரு வழி கிடைத்துவிட்டது என்று தோன்றியதும், அது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று நினைத்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. பழைய பதிவேடுகளை எடுத்து, எந்தக் கிழமை, எந்த இடம், எத்தனை மணி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"சத்தம் போட வேண்டாம்லா?"

"வேண்டாம். சும்மா நின்னாப் போதும்."

"அந்தத் தாளு... அத நீங்க அனுப்ப வேண்டாம் ஏட்டம்மா. நிக்கத்தானே. நின்னுட்டுப் போறேன்."

*

அவன் நின்றான். செவ்வாய்க்கிழமை சந்தைக்கடை முக்கு. பதினான்காம் தேதி பேருந்து நிலையம். சனிக்கிழமை வாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் ரேஷன் கடை வரிசை. கொக்கு அவனுக்குப் பத்தடி தள்ளி நின்றது. தலை ஒருமுறை அவனைப் பார்த்துவிட்டு, வேலை முடிந்ததுபோல் வேறுபக்கம் திரும்பிக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்கு அது போவது நின்றுவிட்டது. சந்தனமாரி மூன்று வாரம் நன்றாகத் தூங்கினாள்.

ஒரு மழைநாளில் அவள் அந்த வழியாக வந்தபோது அவன் குடையோடு நிற்பதைப் பார்த்தாள். எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் எழுதிய அதே நிலையில், அதே உரக்கடை வாசலில். கறுப்புக் குடை என்று எழுதியிருந்தாள். அவன் கையில் இருந்ததும் கறுப்புக் குடைதான். அவன் அவளைப் பார்த்துத் தலையாட்டினான். அவள் நிற்காமல் போய்விட்டாள்.

அவர்கள் இருவரும் நினைத்துப் பார்க்காதது ஒன்றுதான். கொக்கு மட்டுமா பார்க்கும்? ஊருக்கும் கண் இருக்கிறது. கொக்கு நிற்கும் இடத்தில் குற்றம் இருக்கும் என்று ஊர் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தது. பைக் திருடர்களை அது அப்படித்தான் பிடித்தது. இப்போது போகிற இடமெல்லாம் அதற்குப் பக்கத்தில் ஒரே ஆள், வேலை எதுவும் இல்லாமல், யாரோடும் பேசாமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த ஆளின் ஆட்டோவில்தான் தங்கள் குழந்தைகள் போகிறார்கள்.

முதலில் பல் மருத்துவர் வீட்டுப் பையன் ஆட்டோவில் வருவதை நிறுத்தினான். அவனுக்கு வேன் ஏற்பாடு செய்துவிட்டார்களாம். பிறகு இரட்டையர்கள். பிறகு முறுக்கு நீட்டிய சிறுமி. யாரும் கொக்கைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் ஒரு காரணம் சொன்னார்கள். கொக்கிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. தேவாலயத்தில் ஆயர், "கொஞ்ச நாளைக்கு வேற ஆள் வாசிக்கட்டுமே, உமக்கும் ஓய்வா இருக்கும்" என்றார். கடைசியில் அஞ்சல் அலுவலர் சகாயத்தின் இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை சகாயமே சந்தைக்கடை முக்குக்கு வந்தார். நாளையிலிருந்து பிள்ளைகளைத் தானே கூட்டிப் போவதாகச் சொன்னார். நல்ல மனிதர், முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருந்தார்.

"ஏன்யா?" என்றான் ஞானப்பழம்.

சகாயம் நிமிர்ந்து கொக்கைப் பார்த்தார். "தப்பு செய்யாத ஆள அது எதுக்குப்பா பாத்துக்கிட்டே நிக்குது?"

அதற்கு ஞானப்பழத்திடம் பதில் இருந்தது. நூற்றுப் பதினேழு பதில்கள். ஒன்றைச் சொன்னால்கூட ஏட்டம்மா வேலையை இழந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கொக்குக்குக் காதும் உண்டு. பிறகு அவனுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லாத சத்தம். அதன் பிறகு வார்த்தைகள் வந்தன. சகாயத்தைப் பார்த்து, பூக்காரியைப் பார்த்து, பல் மருத்துவரின் வீடு இருந்த திசையைப் பார்த்து, போகிறவர் வருகிறவர் எல்லோரையும் பார்த்து. கொக்கு தலையைத் திருப்பியது. ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல், மிகவும் மரியாதையாக, தயவுசெய்து கலைந்து செல்லவும் என்றது. மூன்று முறை சொன்னது.

அப்போது சந்தனமாரி நிலையத்தில் இருந்தாள். எதிரே இருந்த திரையில் வரிகள் வந்து விழுந்தன.

*சந்தைக்கடை முக்கு. செவ்வாய், மாலை 5.34. உரத்த குரல். கை அசைவு. எச்சரிக்கப்பட்டது. கலையவில்லை. கணிப்பு சரி.*

அவள் கடைசி இரண்டு சொற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மறுநாள் காலை பத்து மணிக்கு அவனாகவே வந்தான். யாரும் கூப்பிடவில்லை. இன்ஸ்பெக்டர் பக்கத்து ஊர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். பாராவில் ஒருவர் நின்றார். வேறு யாரும் இல்லை. ஞானப்பழம் நடந்து வந்திருந்தான். அவனுக்குப் பின்னால் வந்த கொக்கு கேட்டுக்கு வெளியே நின்று கம்பத்தை உயர்த்தியது.

அவன் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தான். தொண்டை கட்டியிருந்தது.

"எழுதுங்க ஏட்டம்மா."

"எதுக்கு? விடும். அத நான் பாத்துக்கிடுதேன்."

"இல்ல. இது நான் செஞ்சது. சகாயம் நல்ல மனுசன், அவர் பொண்டாட்டி பேர எல்லாம் இழுத்துட்டேன். எழுதுங்க."

அவள் பேனாவை எடுத்தாள். என்ன கேட்பதென்று தெரியவில்லை. பதினோரு வருடத்தில் அவனிடம் அவள் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கேட்கத் தேவை இருந்ததில்லை.

"ரெண்டு கையுமா ஆட்டுனீரு?"

அவன் யோசித்துப் பார்த்தான். "ரெண்டு கையும்தான்."

அவள் எழுதினாள். நாள், கிழமை, நேரம். அதற்குப் பிறகு யோசிக்கவே தேவைப்படவில்லை. கை தானாகப் போனது. *மேற்படி நபர் சந்தைக்கடை முக்கில் நின்று, போவோர் வருவோருக்கு இடையூறாகக் கைகளை ஆட்டி உரத்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். எச்சரித்தும் கலைந்து செல்லவில்லை.* முற்றுப்புள்ளி வைத்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. இதே வரியை இந்த வருடத்தின் தொடக்கத்திலும், போன வருடமும், அதற்கு முந்தைய வருடங்களிலும் எழுதியிருக்கிறாள். எந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தாலும், எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியாது.

பதிவேட்டை அவன் பக்கம் திருப்பினாள். வழக்கமாகப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன், இன்று விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தான்.

"சரியா இருக்கு" என்றான். "அப்படியே இருக்கு."

கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடி மேசைமேல் வைத்தான். எழுந்து போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே, கேட்டுக்கு மேலே, வெள்ளைத் தலை அறையின் பக்கம் திரும்பியிருந்தது. சந்தனமாரி எழுந்து ஜன்னலைச் சாத்தலாமா என்று நினைத்தாள். எழவில்லை.

"பெனிட்டா நேத்து கேட்டா," என்றான் அவன். "அப்பா, நீ நெசமாவே என்ன செஞ்சேன்னு. அண்டாக்குள்ள தூங்குன பிள்ள. பதினஞ்சு வயசாச்சு."

அவள் இழுப்பறையைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிக்கேன்னு சொன்னேன். நின்னேன். ஆனா முடியல ஏட்டம்மா." அவன் பதிவேட்டின்மேல் கையை வைத்தான். "இது என்னது. இத நான் வச்சிக்கிடுதேன், யாரு கேட்டாலும் ஆமான்னு சொல்லுதேன். மத்த நூத்திப் பதினேழும் உங்களுது. கோர்ட்டுல பொய் சொன்னதுக்கு என்மேல வழக்கு வந்தாலும் வரட்டும். அந்தத் தாள எடுத்து, அதுக்கு மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுத் தாரீயளா?"